கண்ணுக்குள் சிறிய மெலனோமா: டி.டி.டி. லேசர் வெப்பச் சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டி.டி.டி. என்பது டிரான்ஸ்பியூப்பிலரி தெர்மோதெரபி. கண்மணி வழியாக லேசரை உள்ளே செலுத்தி, கட்டியைச் சூடாக்கி அழிக்கும் முறை. கண்ணின் பின்பக்கம் சிறிய மெலனோமா இருப்பதாகத் தெரியவந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே உள்ளன. உங்கள் ஸ்கேனில் உள்ள அளவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் மருத்துவரிடம் என்ன கேட்பது என்பது தெளிவாகும்.

மெலனோமா தோலில் வருவதுதானே? கண்ணுக்குள் எப்படி வரும்?

மெலனின் என்ற நிறமியை உண்டாக்கும் செல்கள் இருக்கும் இடத்தில் எல்லாம் மெலனோமா வரலாம். கண்ணில் அந்தச் செல்கள் நிறைய இருப்பது கோராய்டு என்ற ரத்தநாளப் படலத்தில். கண்ணின் பின்சுவரை உள்ளிருந்து வெளியே பார்த்தால் முதலில் விழித்திரை, அடுத்து கோராய்டு, கடைசியாக ஸ்கிளீரா என்ற வெள்ளைச் சுவர். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டி.டி.டி. எங்கே வேலை செய்கிறது, எங்கே கைவிடுகிறது என்பது முழுக்க இதைப் பொறுத்தது.

தோல் மெலனோமாவுக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. மரபணு மாற்றங்கள் வேறு, பரவும் வழி வேறு, வேலை செய்யும் மருந்துகளும் வேறு. தோல் மெலனோமா பற்றி இணையத்தில் படித்ததை வைத்துப் பயப்படவும் வேண்டாம், தைரியம் அடையவும் வேண்டாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது வருமா?

வரும், ஆனால் அரிது. அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் 5 பேருக்கு வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். ஆசிய வம்சாவளியினருக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அரிது என்பதாலேயே ஒரு சிக்கலும் உண்டு: இதை அடிக்கடி பார்த்துப் பழகிய கண்கள் குறைவு. கண் புற்றுநோய்க்கெனத் தனிப்பிரிவு உள்ள இடத்தில் ஒருமுறையாவது காட்டிவிடுங்கள். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த், ஹைதராபாத் எல்.வி. பிரசாத், டெல்லி எய்ம்ஸின் ராஜேந்திர பிரசாத் மையம் ஆகியவற்றில் அப்படிப்பட்ட பிரிவுகள் உண்டு.

‘சிறியது’ என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

உயரம்தான் முக்கியம், அகலம் அடுத்ததுதான். பொதுவாக 3 மி.மீ. வரை உயரம் உள்ளதைச் சிறியது என்கிறார்கள். பி-ஸ்கேன் என்ற அல்ட்ராசவுண்டில் இதை அளப்பார்கள். அளப்பவர் ஸ்கிளீராவையும் சேர்த்து அளந்தாரா, விட்டுவிட்டு அளந்தாரா என்பதைப் பொறுத்து எண் மாறும். பின்சுவரில் ஸ்கிளீராவின் தடிமன் மட்டுமே ஏறக்குறைய 1 மி.மீ. வரும். 2 மி.மீ. கட்டியில் இந்த வித்தியாசம் சிகிச்சையையே மாற்றிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே முறையில் அளக்கச் சொல்வது அதனால்தான்.

இது மெலனோமாதான், சாதாரண மச்சம் இல்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கோராய்டில் மச்சம், அதாவது நீவஸ், பலருக்கு உண்டு; பெரும்பாலானவை ஆயுள் முழுக்க அப்படியே கிடக்கும். அதைச் சந்தேகிக்க வைக்கும் அடையாளங்களை ஃபிலடெல்ஃபியாவின் வில்ஸ் கண் மருத்துவமனையில் கரோல் ஷீல்ட்ஸ் குழுவினர் பட்டியலிட்டார்கள். 2019இல் அவர்கள் திருத்தி வெளியிட்ட பட்டியலில் ஆறு உண்டு: உயரம் 2 மி.மீ.க்கு மேல்; விழித்திரைக்கு அடியில் நீர்; பார்வை 20/50 (நல்ல கண் 50 அடியிலிருந்து படிப்பதை 20 அடியில்தான் படிக்க முடிவது) அல்லது அதற்கும் கீழே இறங்கியிருப்பது; கட்டியின் மேல் ஆரஞ்சு நிறத் திட்டுகள்; அல்ட்ராசவுண்டில் உள்ளே வெற்றிடம்போல் இருண்டு தெரிவது; அகலம் 5 மி.மீ.க்கு மேல்.

ஒன்றுகூட இல்லையென்றால் 5 ஆண்டுகளில் மச்சம் மெலனோமாவாக வளரும் வாய்ப்பு 1 சதவீதம். ஒன்று இருந்தால் 11, இரண்டு இருந்தால் 22, மூன்று இருந்தால் 34 சதவீதம். ஐந்து இருந்தால் பாதிக்கு மேல். ஆரஞ்சுத் திட்டும் நீரும் ஆரம்பத்தில் வெறும் கண்ணுக்குத் தப்பிவிடும். திட்டுகளை ஒளிரச் செய்து எடுக்கும் ஆட்டோஃப்ளூரசென்ஸ் படமும், விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனும் எடுத்தால்தான் பிடிபடும். இந்த இரண்டும் எடுக்காமல் ‘வெறும் மச்சம்’ என்று சொல்லியிருந்தால், எடுத்துவிட்டு இன்னொரு முறை கேளுங்கள்.

உடனே சிகிச்சை தேவையா? வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கலாமா?

மருத்துவர்களே ஒத்துப்போகாத இடம் இது. சி.ஓ.எம்.எஸ். என்ற அமெரிக்க ஆய்வில் சிறிய கட்டி உள்ள 204 பேரைப் பெரும்பாலும் சிகிச்சையின்றிக் கண்காணித்தார்கள். 2 ஆண்டுகளில் 21 சதவீதம், 5 ஆண்டுகளில் 31 சதவீதம் கட்டிகள் வளர்ந்தன. 5 ஆண்டுகளுக்குள் மெலனோமாவால் இறந்தவர்கள் ஏறக்குறைய 1 சதவீதம். ஆகவே ஓரிரண்டு அடையாளங்கள் மட்டுமே உள்ளவர் 3 அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துக் காத்திருப்பதில் தவறில்லை. மூன்று, நான்கு அடையாளங்கள் இருப்பவர் வளரட்டும் என்று காத்திருப்பதில் பலன் இல்லை. ‘ஆறு மாதம் கழித்து வாருங்கள்’ என்று அனுப்பி, ஒப்பிட முதல் படமே எடுக்காமல் விடுவதுதான் மோசம்.

டி.டி.டி. கண்ணுக்குள் என்ன செய்கிறது? சர்க்கரை நோய்க்குப் போடும் லேசரும் இதுவும் ஒன்றா?

இல்லை. சர்க்கரை நோய்க்கான லேசர் பெரும்பாலும் பச்சை நிறம். நொடியில் ஒரு பங்கு நேரத்தில் சுட்டுத் தழும்பாக்கும். டி.டி.டி.க்குப் பயன்படுவது 810 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடு லேசர். ஒரே இடத்தில் முழுதாக ஒரு நிமிடம் நிற்கும். கட்டியின் சூட்டை 45இலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரைக்குள் வைத்திருப்பது நோக்கம். அந்தச் சூட்டில் செல்லின் புரதங்கள் குலைந்து, நுண்ணிய ரத்தநாளங்கள் அடைபட்டு, கட்டி மெல்லச் செத்துப்போகும்.

அகச்சிவப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஆழம். பச்சை ஒளியை மெலனின் மேலேயே குடித்துவிடும். 810 நானோமீட்டர் ஒளியைக் குறைவாகக் குடிப்பதால் அது இன்னும் கீழே இறங்குகிறது. இந்த முறையை உருவாக்கிய நெதர்லாந்தின் லைடன் குழு, சிகிச்சைக்குப் பின் எடுத்த கண்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது செத்த திசுவின் ஆழம் அதிகபட்சம் 3.9 மி.மீ. இருந்தது. அதிகபட்சம் என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லாக் கட்டியிலும், கட்டியின் எல்லாப் பக்கத்திலும் அவ்வளவு ஆழம் போகும் என்று அதற்குப் பொருள் இல்லை.

யாருக்கு இது பொருந்தும்?

தொடக்கத்தில், அதாவது 1990களில், 4 மி.மீ. உயரம் வரை செய்தார்கள். அனுபவம் வரவர எல்லை இறங்கியது. இன்று டி.டி.டி.யை மட்டும் நம்பிச் செய்வதென்றால் உயரம் 2.5 மி.மீ. அளவுக்குள்ளேயே இருக்க வேண்டும். கட்டி நன்றாகக் கறுத்திருக்க வேண்டும். பார்வை நரம்பைத் தொடக் கூடாது. விழித்திரைக்கு அடியில் நீர் இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்க வேண்டும். கண்மணி நன்றாக விரிய வேண்டும். கண்புரை முற்றியிருந்தால் ஒளி ஒழுங்காக உள்ளே போகாது.

நீர் ஏன் தொல்லை? அது விழித்திரையைக் கட்டியிலிருந்து தூக்கிவிடும். சூடு நீரில் பரவி வீணாகும். பார்வை நரம்பை ஒட்டிய கட்டியில் விளிம்பு முழுவதையும் சுட முடியாது, சுட்டால் நரம்பு கெடும். பயந்து விட்டுவைத்த அந்த ஓரத்திலிருந்துதான் கட்டி மறுபடி கிளம்பும்.

சிகிச்சை அன்று என்னென்ன நடக்கும்?

மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. முதலில் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து, பல முறை. அரைமணி நேரத்துக்கு மேல் ஆகலாம். கண்மணி பாதி விரிந்த நிலையில் தொடங்கினால் கதிரின் ஓரம் ஐரிஸில், அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்தில், பட்டு அங்கே சுட்டுவிடும். பிறகு கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி. இது வலிக்காக மட்டும் அல்ல. ஒரு நிமிடம் கண் அசையாமல் இருக்க வேண்டும், வெறும் சொட்டு மருந்தில் அது முடியாது.

பின்பு ஸ்லிட் லாம்ப் என்ற கண் பரிசோதனை நுண்ணோக்கியில் தாடையை வைத்து உட்கார வைப்பார்கள். கண்ணின் மேல் ஜெல் தடவிய கான்டாக்ட் லென்ஸ் ஒன்றை மருத்துவர் கையால் பிடித்திருப்பார். கட்டியின் விளிம்பிலிருந்து சுமார் 1.5 மி.மீ. நல்ல திசுவையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி புள்ளி புள்ளியாக ஒளியைச் செலுத்துவார்.

எவ்வளவு நேரம் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். கட்டியின் அகலம் 7 மி.மீ. என்றால் ஓரத்தோடு சேர்த்து 10 மி.மீ.; பரப்பு சுமார் 78 சதுர மி.மீ. 3 மி.மீ. புள்ளி ஒன்றின் பரப்பு 7 சதுர மி.மீ. குறைந்தது 11 புள்ளிகள். ஒன்றன்மேல் ஒன்று படிவதையும் சேர்த்தால் 15 முதல் 20 வரை. புள்ளிக்கு ஒரு நிமிடம் வீதம், இடையில் லென்ஸைச் சரிசெய்யும் நேரத்தோடு அரைமணி தாண்டும். கழுத்துவலி, முதுகுவலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் இடைவெளி விட்டுச் செய்வார்கள். இருமல் உள்ள நாளில் போக வேண்டாம்.

லேசரின் சக்தியை எப்படி முடிவு செய்கிறார்கள்?

எல்லாருக்கும் பொருந்தும் எண் கிடையாது. 3 மி.மீ. புள்ளிக்குப் பெரும்பாலும் 300 முதல் 400 மில்லிவாட்டில் தொடங்கி, 50 மில்லிவாட் வீதம் ஏற்றுவார்கள். ஒரு நிமிடம் முடியும் தறுவாயில் அந்த இடம் லேசாகச் சாம்பல் பூக்க வேண்டும். அதுதான் அளவு. நிமிடம் முழுக்க ஒன்றும் மாறாவிட்டால் சக்தி போதாது. அரை நிமிடத்துக்குள்ளேயே வெள்ளையாகிவிட்டால் அதிகம்.

அதிகமானால் சீக்கிரம் சாகட்டுமே என்று தோன்றும். அங்கேதான் பிழை நேர்கிறது. மேல்பரப்பு வெள்ளையானதும் அதற்குமேல் வரும் ஒளியைத் திருப்பி அடித்துவிடும். கீழே சூடு இறங்காது. பெருந்தீயில் வார்த்த பணியாரம் வெளியே கருகி, உள்ளே மாவாகவே இருக்குமே, அந்தக் கதைதான்.

இன்னொரு பொறி லென்ஸில் இருக்கிறது. இயந்திரத்தில் 2 மி.மீ. என்று வைத்தாலும் கண்ணுக்குள் விழும் புள்ளி கையிலுள்ள லென்ஸைப் பொறுத்தது. சில லென்ஸ்கள் ஏறக்குறைய அப்படியே விடும். அகலப் பார்வை லென்ஸ்கள் ஒன்றரை மடங்கு, சில இரண்டு மடங்கு பெரிதாக்கும். ஒன்றரை மடங்கு என்றால் பரப்பு 2.25 மடங்கு. அதே மில்லிவாட் அவ்வளவு பரப்பில் பரவி, ஒரு சதுர மி.மீ.க்குக் கிடைப்பது பாதிக்கும் கீழே போய்விடும். இரண்டாம் அமர்வில் லென்ஸை மாற்றிவிட்டு முதல் அமர்வின் எண்ணையே வைத்தால் குறைவாகவோ அதிகமாகவோ சுடும். அதனால் மருத்துவக் குறிப்பில் சக்தியோடு லென்ஸின் பெயரும் இருக்க வேண்டும்.

எத்தனை அமர்வு?

பெரும்பாலும் மூன்று, அமர்வுகளுக்கு இடையே ஏறக்குறைய 3 மாதம். முதல் அமர்வு முடிந்து சில வாரங்களில் கட்டி இன்னும் கறுத்து, மேலே சிறு ரத்தத் திட்டுகளோடு தெரியலாம். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது எதிர்பார்த்ததுதான். அதன்பின் மெல்லத் தட்டையாகி, நடுவில் வெள்ளை ஸ்கிளீரா தெரியும் தழும்பாக மாறும். மூன்று அமர்வுக்குப் பிறகும் உயரம் குறையவில்லை என்றால் நான்காவது, ஐந்தாவது என்று நீட்டுவதைவிட முறையை மாற்றுவதே மேல்.

வலிக்குமா? வீட்டுக்குப் போன பிறகு?

ஊசி போடும்போது வலிக்கும். லேசரின்போது அழுத்தம், லேசான சூடு தெரியலாம். அன்று கண்ணைக் கட்டி அனுப்புவார்கள். வண்டி ஓட்டக் கூடாது. ஒன்றிரண்டு வாரம் ஸ்டீராய்டு சொட்டு மருந்து, தேவைப்பட்டால் பாராசிட்டமால். பத்தியம் எதுவும் இல்லை, தலைக்குக் குளிக்கலாம். கண்ணில் கடும் வலி, திடீரென்று திரைபோல் மறைப்பது, புதிதாக மிதக்கும் புள்ளிகள் கூட்டமாக வருவது என்றால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போங்கள்.

பார்வை என்ன ஆகும்?

கட்டி எங்கே இருக்கிறது என்பதே பதில். கட்டிக்கு மேலே உள்ள விழித்திரையும் சேர்ந்தே போகும். அதைத் தவிர்க்க வழியில்லை. விழித்திரையின் நடுவில் உள்ள மாகுலாவுக்கு அடியில் கட்டி இருந்தால் நடுப்பார்வை போய்விடும். ஓரத்தில் இருந்தால் அந்தப் பக்கம் ஒரு மறைவுத் திட்டு விழும்.

பலர் எதிர்பாராதது இது: மறைவுத் திட்டு தழும்பைவிடப் பெரிதாக இருக்கலாம். விழித்திரையின் நரம்பிழைகள் தொலைவிலிருந்து வந்து கட்டியின் மேலாகக் கடந்து பார்வை நரம்புக்குப் போகின்றன. வழியில் அவை வெந்துபோனால், அவை புறப்பட்ட இடம் வரைக்கும் பார்வை அறுந்துவிடும். பார்வை நரம்புக்கு அருகில் உள்ள கட்டிகளில் இது அதிகம். சிகிச்சைக்கு முன் ஒரு ஃபீல்டு டெஸ்ட், அதாவது பார்வைப் பரப்பை அளக்கும் சோதனை, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு என்ன பக்கவிளைவுகள் வரும்?

விழித்திரையின் ரத்தநாளக் கிளை அடைபடுவது முக்கியமானது. கட்டியின் குறுக்கே நாளம் ஓடினால் அதன் மேல் சுடுவதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள்; தவிர்த்தால் அதற்கு அடியில் உள்ள கட்டி பிழைக்கும். அடைப்பு ஏற்பட்டால் பிறகு புதிய நலிந்த நாளங்கள் முளைத்து, கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். அடுத்தது இழுப்பு: தழும்பு சுருங்கி விழித்திரையை இழுத்து மடிக்கும், கோடுகள் வளைந்து தெரியும். மாகுலாவில் நீர் கட்டலாம், அதற்கு ஊசி மருந்து உண்டு. ஐரிஸில் சூட்டுக்காயம், கண்ணின் சொந்த லென்ஸில் சிறு வெண்புள்ளி ஆகியவை கண்மணி சரியாக விரியாமலோ கதிர் விலகியோ வருபவை. விழித்திரை பிரிவது அரிது.

டி.டி.டி. செய்த பிறகு கட்டி திரும்ப வருமா?

வரும். இந்தப் பக்கத்தில் முக்கியமான பதில் இதுதான், அதனால் எண்ணோடு சொல்கிறோம். வில்ஸ் கண் மருத்துவமனையில் 2002இல் வெளியிட்ட 256 பேர் கணக்கில், திரும்ப வந்தது முதல் ஆண்டில் 4 சதவீதம், 2 ஆண்டில் 12, 3 ஆண்டில் 22. அதே இடத்திலிருந்து 2015இல் வந்த 391 பேர் கணக்கில் 5 ஆண்டில் 29 சதவீதம், 10 ஆண்டில் 42 சதவீதம். ஆண்டு ஏற ஏற எண் ஏறிக்கொண்டே போகிறது, எங்கும் நிற்கவில்லை. முதல் ஆண்டுப் பலனை மட்டும் பார்த்து 1990களில் எழுந்த உற்சாகம் அடங்கியது இதனால்தான். மேலே சொன்ன ஆபத்து அடையாளங்கள் அதிகம் இருந்த கட்டிகளே அதிகம் திரும்பின.

காரணம் ஸ்கிளீராவில் இருக்கிறது. மெலனோமா செல்கள் சிறிய கட்டியிலும் அந்த வெள்ளைச் சுவருக்குள் நுழைந்திருக்கலாம்; நாளங்களும் நரம்புகளும் சுவரைத் துளைத்துப் போகும் கால்வாய்கள் வழியே இறங்கியிருக்கலாம். லேசர் மேலிருந்து வருகிறது. கட்டி கறுப்பாக இருக்கும் வரைதான் சூட்டை வாங்கும். கட்டி செத்து நிறமி கரைந்ததும், வெள்ளை ஸ்கிளீரா ஒளியைக் குடிப்பதில்லை. அங்கே சூடு ஏறாது. டி.டி.டி.க்குப் பிறகு எடுக்க நேர்ந்த கண்களை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் ஸ்கிளீராவுக்குள் உயிருள்ள கட்டிச் செல்களைக் கண்டிருக்கிறார்கள்.

இதன் மோசமான விளைவு, உள்ளே பார்த்தால் அழகான தட்டைத் தழும்பு, கண்ணுக்கு வெளிப்பக்கம் கட்டி வளர்ந்துகொண்டிருக்கும் நிலை. டார்ச் அடித்துப் பார்ப்பவருக்கு இது தெரியாது. பி-ஸ்கேன் மட்டுமே காட்டும். டி.டி.டி. செய்துகொண்டவருக்கு ஒவ்வொரு வருகையிலும் பி-ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். செலவு மிச்சம் என்று அதைத் தவிர்க்காதீர்கள்.

அப்படியானால் கதிர்வீச்சுத் தகடுதான் நல்லதா?

பெரும்பாலானவர்களுக்கு ஆம். ப்ளேக் என்ற சிறு கிண்ண வடிவத் தகட்டை அறுவை அரங்கில் ஸ்கிளீராவின் வெளிப்பக்கம் தைத்து, கணக்கிட்ட நேரம் வைத்துவிட்டு எடுப்பார்கள். கதிர் வெளியிலிருந்து உள்ளே வருவதால் முதலில் அடிபடுவது டி.டி.டி. தொட முடியாத அந்த ஸ்கிளீராவும் கட்டியின் அடியும்தான். ருத்தேனியம்-106 தகடு 5 முதல் 6 மி.மீ. உயரம் வரைக்கும் பொருந்தும். உயரமான கட்டிகளுக்கு அயோடின்-125. ருத்தேனியத்தின் அரையாயுள் ஓராண்டுக்குச் சற்று மேல் என்பதால் ஒரே தகட்டைப் பலருக்குப் பயன்படுத்த முடியும். முன்பு வெளிநாட்டிலிருந்து வாங்கினார்கள். இப்போது மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் அணுக்கழிவிலிருந்து பிரித்த ருத்தேனியத்தில் தகடு செய்கிறது.

கதிர்வீச்சும் சும்மா விடாது. ஓரிரு ஆண்டு கழித்து விழித்திரை நாளங்கள் கெடலாம், பார்வை நரம்பு பாதிக்கப்படலாம். நடுத்தரக் கட்டிகளுக்கு அயோடின் தகடு வைத்த சி.ஓ.எம்.எஸ். ஆய்வில் 3 ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பார்வை அட்டையில் ஆறு வரியோ அதற்கு மேலோ இறங்கிவிட்டது. சிறிய கட்டிக்கு இவ்வளவு மோசம் இருக்காது. கட்டியை அடக்குவதா பார்வையைக் காப்பதா என்று வந்தால், முதலாவதைத் தேர்ந்தெடுக்கும்படியே சொல்வோம்.

இரண்டையும் சேர்த்துச் செய்வதாகச் சொல்கிறார்களே?

அதைச் சாண்ட்விச் சிகிச்சை என்பார்கள். அடியிலிருந்து தகடு, மேலிருந்து டி.டி.டி. கட்டியின் உச்சியில் கதிர் குறைந்து வரும் இடத்தில் சூடு சேர்கிறது. சூடு எட்டாத அடியில் கதிர் இருக்கிறது. இன்று டி.டி.டி.க்கு உரிய சரியான இடம் இதுதான் என்பது எங்கள் கருத்து. பார்வை நரம்பை ஒட்டித் தகடு சரியாகப் பொருந்தாத ஓரத்துக்கும், தகடு வைத்த பிறகு மிஞ்சிய சிறு பகுதிக்கும் இதைப் பயன்படுத்தலாம். டி.டி.டி. மட்டும் போதும் என்று சொல்லப்பட்டால், ‘ஏன் தகடு வேண்டாம்?’ என்று கேளுங்கள். வயது, உடல்நிலை, ஒரே கண்ணில்தான் பார்வை என்பது போன்ற காரணங்கள் நியாயமானவை. தகடு எங்களிடம் இல்லை என்பது நியாயமான காரணம் அல்ல.

கட்டி கறுப்பாக இல்லை, வெளிறிய மஞ்சள் நிறம். டி.டி.டி. வேலை செய்யுமா?

சரியாகச் செய்யாது, நிறமி இல்லையென்றால் சூடு பிடிக்காது. இன்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை ரத்தநாளத்தில் ஏற்றி உடனே லேசர் செய்வது ஒரு வழி. அந்தச் சாயம் 805 நானோமீட்டர் அருகில்தான் ஒளியைக் குடிக்கும். சாயத்தில் அயோடின் உண்டு, ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். வெளிறிய சிறு கட்டிகளுக்கு வெர்டெபோர்ஃபின் மருந்தோடு 689 நானோமீட்டர் ஒளி தரும் பி.டி.டி. (ஒளியால் மருந்தைத் தூண்டும் சிகிச்சை) முறையும் உண்டு. அது நிறமி உள்ள கட்டிகளுக்கு நேர்மாறாக, மோசமான பலன் தருகிறது.

திரும்ப வந்தால் அடுத்து என்ன?

விளிம்பில் சிறிதாக வந்திருந்தால் பெரும்பாலும் தகடுதான். மறுபடியும் டி.டி.டி. செய்வதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. முதல் முறை சூடு எட்டாத இடத்துக்கு இரண்டாம் முறையும் எட்டாது. கண்ணுக்கு வெளியே வளர்ந்து பெரிதாகிவிட்டால் கண்ணை எடுக்க நேரலாம். முதல் 2 ஆண்டுகள் 3 அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை என்று ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தாம் ஆண்டிலும் திரும்பும் என்பதை மேலே உள்ள எண்கள் சொல்கின்றன.

கண்ணில் உள்ளதற்குக் கல்லீரல் ஸ்கேன் எதற்கு?

கண் மெலனோமா பரவினால் பெரும்பாலும் கல்லீரலுக்கே முதலில் போகும். வில்ஸ் மருத்துவமனையின் 8,033 கண்கள் கொண்ட கணக்கில், 3 மி.மீ. வரை உயரம் உள்ள சிறிய கட்டிகளில் 10 ஆண்டுகளில் 12 சதவீதம் பரவியது. உயரம் கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடும். அதனால் 6 மாதத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ கல்லீரலுக்கு அல்ட்ராசவுண்டு அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். கண்ணில் கட்டி அடங்கிவிட்டது என்பதால் இதை நிறுத்தக் கூடாது.

பயாப்சி செய்யாமலேயே மெலனோமா என்கிறார்களே?

கண்ணுக்குள் இருப்பதைப் பெரும்பாலும் படங்களைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். மெல்லிய ஊசியில் எடுக்கும் பயாப்சி இப்போது முக்கியமாக மரபணுப் பரிசோதனைக்காக: கட்டிச் செல்லில் மூன்றாவது குரோமோசோம் ஜோடியில் ஒன்று இல்லாமல் இருந்தால் பரவும் ஆபத்து அதிகம். 2 மி.மீ. கட்டியில் போதிய செல் கிடைக்காமல் போவதும் உண்டு. டி.டி.டி. செய்தபின் எடுத்தால் செத்த திசுதான் வரும். வேண்டுமென்றால் முன்பே எடுத்துவிட வேண்டும்.

எங்கள் உறவினர் குழந்தைக்கும் டி.டி.டி. செய்தார்கள். அதுவும் மெலனோமாவா?

அனேகமாக ரெட்டினோபிளாஸ்டோமாவாக இருக்கும். சிறு குழந்தைகளுக்கு விழித்திரையில் வரும் வேறு நோய் அது. நம் நாட்டில் டி.டி.டி. கருவியின் பயன் அதற்குத்தான் அதிகம். அந்தக் கட்டிக்குச் சூடும் கீமோதெரபியும் நன்றாகக் கேட்கும். அங்கே கிடைத்த வெற்றியை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வருமா?

பெரும்பாலும் இது பரம்பரை நோய் அல்ல. குடும்பத்தில் வேறு யாருக்கும் கண் மெலனோமா, மீசோதெலியோமா (நுரையீரல் போன்ற உறுப்புகளின் உறையில் வரும் புற்று) அல்லது சிறுநீரகப் புற்று இருந்திருந்தால் மட்டும் பி.ஏ.பி.1 மரபணு பற்றிக் கேளுங்கள்.

மருத்துவமனை மாறினால் என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

சிகிச்சைக்கு முந்தைய வண்ணப் படம், அதன் கோப்பாகவே. அச்சிட்டதில் ஆரஞ்சுத் திட்டு தெரியாது. பி-ஸ்கேன் படங்கள், அளவுக் கோடுகள் தெரியும்படி. ஓ.சி.டி., ஆட்டோஃப்ளூரசென்ஸ், ஃபீல்டு டெஸ்ட். ஒவ்வொரு டி.டி.டி. அமர்வுக்கும் தேதி, புள்ளியின் அளவு, மில்லிவாட், எத்தனை புள்ளிகள், எந்த லென்ஸ் என்ற குறிப்பு. தகடு வைத்திருந்தால் எந்த ஐசோடோப்பு (ருத்தேனியமா, அயோடினா), கட்டியின் உச்சிக்கும் ஸ்கிளீராவுக்கும் எத்தனை கிரே (கதிர் அளவின் அலகு) என்ற விவரம். கடைசியாக எடுத்த கல்லீரல் ஸ்கேன். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘லேசர் செய்யப்பட்டது’ என்று ஒரு வரி மட்டும் இருந்தால், கிளம்புவதற்கு முன்பே முழுக் குறிப்பையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.